விடுதலையானவருக்கு ஒரு விலாசம்

சிறையிலிருந்து விடுதலையாகி வரும் தமிழர்களில் போக்கிடம் இல்லாதவர்களுக்குச் சங்கக் கட்டடத்தின் மாடியில் மூன்று மாதம் தங்க இடம் கொடுக்கலாமா, கூடாதா என்று நம் தாராவி - சயான் வட்டாரத்தில் இரண்டு மாதமாக வாதப் பிரதிவாதம் நடந்து வருகிறது. செயற்குழுவில் இரண்டு முறை பேசப்பட்டும் முடிவு காணப்படவில்லை. மூன்றாவது முறை பேச வேண்டிய நாளில் கோரம் சேரவில்லை. சேராதபடி சிலர் பார்த்துக்கொண்டார்கள் என்றும் கேள்வி. இதற்கிடையே யார் ஒட்டியது என்று தெரியாத ஒரு தாள் மாடிப்படிச் சுவரில் காணப்பட்டது. "கொலைகாரனுக்கு வீடு, குடும்பஸ்தனுக்கு ரோடா?" என்று அதில் கேட்டிருந்தார்கள். கையெழுத்து இல்லாத தாளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று செயலாளர் கூறிவிட்டார். தாள் கிழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கேள்வி ஜனங்கள் மனத்திலேயே இருக்கிறது. இந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்ற முறையில் இரண்டு கூட்டங்களிலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் கொடுக்க வேண்டும்.

யோசனை இதுதான். மாடியில் இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து வகுப்புகள் நடந்தன. அந்த வகுப்பில் படித்து ஃபோர்ட் பகுதிக் கம்பெனிகளில் வேலைக்கு அமர்ந்தவர்கள் இன்று ரிட்டயராகி வீட்டில் இருக்கிறார்கள். இப்போது உள்ளே இருப்பவை துருப்பிடித்த நாலைந்து மெஷின்களும், பொங்கல் விழாவுக்குக் கட்டும் சீரியல் விளக்குகளும், கால் உடைந்த நாற்காலிகளும்தான். இவற்றை அப்புறப்படுத்தி எட்டுக் கட்டில் போடலாம், ஆண்கள் மட்டும், ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று மாதம் என்பது கோர்ட்டுக்குப் போய் வரும் ஓர் இளம் வக்கீலும் இரண்டு ஆசிரியர்களும் கொண்டுவந்த திட்டம்.

எட்டுக் கட்டிலுக்கா இத்தனை சண்டை என்று வெளியூர் வாசகர்கள் நினைக்கலாம். பத்துக்குப் பத்து கோலியில் ஏழு பேர் படுத்து எழும் ஊர் இது. இங்கே எட்டுக் கட்டில் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஜெயில் வாசலில்

சாத் ரஸ்தாவை ஒட்டியுள்ள ஆர்தர் ரோடு சிறை 1920-களில் கட்டப்பட்டது. சுமார் 800 பேரை வைக்கத்தான் அதில் இடம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே அடைத்து வைத்திருப்பது பல வருஷமாக வழக்கமாகிவிட்டது. ஜாமீன் உத்தரவு அங்குள்ள பெட்டியில் மாலை 5.30 மணிக்குள் விழாவிட்டால் அன்றைக்கு விடுதலை கிடையாது என்பதை 2021 அக்டோபரில் நாடே தெரிந்துகொண்டது. பிரபல இந்தி நடிகர் ஒருவரின் மகன் அந்த ஒரே காரணத்தால் கூடுதலாக ஓர் இரவு உள்ளே இருக்க நேர்ந்தது. மறுநாள் காலை அவரை அழைத்துச் செல்லக் கார் வந்தது. சாலை கொள்ளாத கூட்டமும் வந்தது. பின்னர் அவர் மீது குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை என்பது வேறு விஷயம்.

யாரும் அழைத்துப் போக வராதவர்களும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். அவர்களில் சிலரை ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் பார்க்கிறோம். அடையாளம் கண்டுகொள்வது கஷ்டம் இல்லை. பிடிபட்ட அன்று எது உடம்பில் இருந்ததோ அதுதான் இன்றும் இருக்கும். மே மாத வெயிலில் ஒருவர் மழைக்கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். விழுப்புரத்துக்கு டிக்கெட் எவ்வளவு என்று தமிழிலேயே கேட்டார். சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்தும் அதே ஸ்டேஷன் பெஞ்சில் அதே மழைக்கோட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். டிக்கெட் இல்லாமல் பிளாட்பாரத்தில் படுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம். பிடித்தால் அபராதம், அதைக் கட்ட வழியில்லாவிட்டால் மறுபடியும் உள்ளேதான். நம்மவர்கள் கூட்டத்தில், "அவர்கள் இங்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பேசியபோது எனக்கு அந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். ஸ்டேஷனிலும், மேம்பாலத்துக்கு அடியிலும், நாக்காவில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் இருக்கிறார்கள். விலாசத்தோடு இருக்கிறார்களா, இல்லாமல் இருக்கிறார்களா என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

2020-ல் இது இன்னும் விகாரமாக நடந்தது. கொரோனா பரவியபோது சிறைகளின் நெரிசலைக் குறைக்க மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்கும்படி மார்ச் 23-ந் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தற்காலிகமாக விடுவிக்கப்பட்டார்கள். நல்ல உத்தரவுதான். ஆனால் அந்த வாரம் பயணி ரயில் ஒன்றுகூட ஓடவில்லை. சிறைக்கதவு திறந்திருந்தது, ஸ்டேஷன் கதவு மூடியிருந்தது.

கொலைகாரர்கள்தானா?

சுவரில் தாள் ஒட்டியவர் எல்லோரையும் கொலைகாரர் ஆக்கிவிட்டார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுச் சிறை அறிக்கை சொல்லும் கணக்கைப் பார்ப்போம். நாடு முழுவதும் சிறையில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லாதவர்கள். இவர்களில் கொலை வழக்கில் இருப்பவர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. செல்போன் திருடியதாகவும், குடித்துவிட்டு அடிதடி செய்ததாகவும், முதலாளி பணத்தைக் கையாடியதாகவும் உள்ளே போனவர்களும் உண்டு. நிரபராதி என்று தீர்ப்பாகி வெளியே வருகிறவர்களும் உண்டு. போன வேலை திரும்ப வராது, காலி செய்த கோலியும் திரும்ப வராது என்ற விஷயத்தில் நிரபராதிக்கும் குற்றவாளிக்கும் வித்தியாசம் இல்லை.

ஜாமீன் சங்கதி வெளிமாநிலத்தில் பிழைக்கப் போன ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜாமீன் கொடுத்தால் போதாது. அதற்கு ஆள் ஜாமீன் நிற்க வேண்டும். ஜாமீன் நிற்பவர் உள்ளூர்க்காரராக, ஆஸ்தி உள்ளவராக இருக்க வேண்டும் என்று கோர்ட்டுகள் கேட்கும். ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, சொத்துச் சான்று எல்லாம் வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் செங்கோட்டையிலிருந்து வந்த பையனுக்கு மும்பையில் சொத்துள்ளவர் யாரைத் தெரியும்?

1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மத்தியப் பிரதேசத்து மாஜிஸ்திரேட் அவரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். வேறு மாவட்டத்தில் இருந்த அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தபோது, வெளி மாவட்டத்து ஆள் என்று தள்ளிவிட்டார். வழக்கை விசாரித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தமது தீர்ப்பில் நம்மைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஒரு மலையாளியோ, கன்னடியரோ, தமிழரோ, தெலுங்கரோ பஸ்தாரிலோ, போர்ட் பிளேரிலோ, சாந்தினி சவுக்கிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பது அவர் எழுப்பிய கேள்வி. அவரே 1948-ல் சில வாரம் சிறையில் இருந்தவர். அந்த அனுபவம் அவர் பேனாவில் இருந்தது என்று நான் நினைக்கிறேன். தீர்ப்பு வந்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஜாமீன் உத்தரவை மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவுக்குச் சிறை அதிகாரி தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்வதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றது. அதே 2023-ல் ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரையும் அரசே கட்டலாம் என்று அப்போது வகுத்தார்கள். பணத்துக்கு வழி வந்துவிட்டது. வெளியே வந்தபின் சம்மன் எந்த வீட்டு வாசலுக்கு வரும் என்பதற்கு வழி வரவில்லை. சம்மன் கிடைக்காமல் வாய்தாவுக்குப் போகாதவர் மீது வாரண்ட் பிறக்கிறது. வாரண்ட் பிறந்தால் மறுபடியும் சாத் ரஸ்தா.

நம் பகுதியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. தாராவிப் புனரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவர் யார், பின்னால் வந்தவர் யார் என்பதை வைத்து வீடு எங்கே கிடைக்கும், இலவசமா, பணத்துக்கா, வாடகைக்கா என்பது நிர்ணயமாகிறது. கணக்கெடுப்புக்காரர்கள் வந்தபோது ஒருவன் தலோஜாவிலோ தாணா சிறையிலோ இருந்திருந்தால், அவன் தகப்பனார் காலத்துக் கோலிக்கு யார் காகிதம் காட்டியிருப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரரா? இதை இந்த வாதத்தில் யாருமே எடுக்கவில்லை.

ஒரு பெட்டி வைக்க இடம்

நம்மவர்கள் பம்பாய்க்கு வந்த கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்தவர் யாரும் விக்டோரியா டெர்மினஸில் இறங்கி வீடு தேடவில்லை. ஊர்க்காரர் ஒருவரின் விலாசம் எழுதிய துண்டுச்சீட்டு சட்டைப் பையில் இருந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து பிடித்த அறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். வேலை கிடைத்த பிறகு தனி இடம் போனார்கள். காலியான பாய்க்கு அடுத்த ஆள் வந்தான். கோவாக்காரர்கள் இதை இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். தோபி தலாவ் பக்கம் அவர்களுடைய ஊர் கிளப்புகள் உண்டு, 'கூட்' என்பார்கள். கப்பலில் வேலை செய்பவர் ஊருக்கும் கப்பலுக்கும் நடுவே அங்கே தங்குவார். அவருடைய டிரங்குப் பெட்டி அங்கே இருக்கும், கடிதம் அங்கே வரும். மாடியில் எட்டுக் கட்டில் என்பது இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அது மட்டுமா? 1966-க்குப் பிறகு சில வருஷங்கள் 'மதராசி'களுக்கு எதிராக இயக்கம் கிளம்பி, உடுப்பி ஓட்டல்கள் அடித்து நொறுக்கப்பட்ட நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னாளில் ஒன்றிரண்டு பேர்வழிகளின் பெயரைச் சொல்லித் தாராவித் தமிழர் எல்லோரையும் ரவுடி என்று நினைத்ததும் உண்டு. விலாசம் தாராவி என்றால் முகம் சுளித்த அலுவலகங்களை நம்மில் அறியாதவர் யார்? நம்மைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைகளை நம் கூட்டத்தில், நல்ல தமிழில், நான் கேட்டேன்.

ஆட்சேபணைகள்

ஆட்சேபணை சொன்னவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாய் எழுந்து, "விடியற்காலம் அஞ்சு மணிக்குக் குழாயில தண்ணி வருது. எங்க பொம்பளப் பிள்ளைங்க அந்த மாடிப்படிக்குக் கீழதான் குடத்தோட நிக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் மனிதாபிமானம் பற்றிப் பதில் சொன்னார்கள். அந்தம்மா கேட்டது மாடிப்படியைப் பற்றி. கட்டடத்தின் பின்பக்கம் இரும்புப் படி ஒன்று இருக்கிறது. அதன் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். தங்குகிறவர்கள் அந்த வழியாகப் போய்வரட்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் பாதி எதிர்ப்பு அன்றைக்கே அடங்கியிருக்கும். பெண்களிடமோ குழந்தைகளிடமோ தவறாக நடந்ததாக வழக்கு உள்ளவர்களை இங்கே சேர்க்கக் கூடாது என்பதும் என் கருத்து. அவர்களுக்கும் இடம் வேண்டும்தான். ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு மேல் மாடியில் அல்ல.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஆதரித்துப் பேசியவர்களில் பாதிப்பேர் இப்போது செம்பூரிலும் முலுண்டிலும் சொசைட்டி கட்டடங்களில் வசிப்பவர்கள். கூட்டம் முடிந்ததும் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்கள். கட்டடத்தை ஒட்டிய இருபது குடும்பங்கள்தான் இரவும் பகலும் அங்கே இருக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒருவரைக்கூட அமைப்புக் குழுவில் போடவில்லை. இது நியாயம் இல்லை. அறைச் சாவியும் வருகைப் பதிவேடும் அந்த இருபது குடும்பங்களில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்கட்டும்.

போலீஸ் வருவார்கள் என்ற பயம் வெறும் பயம் அல்ல. அக்கம்பக்கத்தில் எங்கே பூட்டு உடைந்தாலும் ஹவால்தார் முதலில் ஏறுவது இந்த மாடிதான். அதனால் திட்டம் தொடங்குவதற்கு முன்பே உதவிக் கமிஷனரிடமும் சட்டப்பணி ஆணைக்குழுவிடமும் எழுத்து மூலம் தெரிவித்து, கையெழுத்திட்ட ரசீது வாங்கி வைக்க வேண்டும். வாய்மொழி அனுமதி ஆபீசர் மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும். அரசாங்க ஆபீசில் வேலை செய்கிறவன் சொல்கிறேன்.

"இது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை, சங்கம் ஏன் செய்ய வேண்டும்?" என்று பொருளாளர் கேட்டார். சர்க்கார் செய்ய வேண்டியதுதான். 1954-ல் மத்திய சமூக நல வாரியம் பேராசிரியர் எம்.எஸ்.கோரே தலைமையில் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. விடுதலையானவர்களுக்குப் பின்பராமரிப்பு இல்லங்கள் வேண்டும் என்று அது சொன்னது. 1980-ல் அமைக்கப்பட்ட நீதிபதி முல்லா குழு 1983-ல் கொடுத்த அறிக்கையிலும் அதைச் சொன்னார்கள். 2016-ம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேட்டிலும், 2023-ல் மத்திய உள்துறை தயாரித்த மாதிரிச் சட்டத்திலும் பின்பராமரிப்பு இருக்கிறது. எழுபது வருஷமாகக் காகிதத்தில் குறைவில்லை. பெண்களுக்காவது முன்பு சுவாதார், இப்போது சக்தி சதன் என்ற பெயரில் உள்ள இல்லங்களில் சிறையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்க விதி இருக்கிறது; பைகுல்லா சிறையிலிருந்து வரும் தமிழ்ப் பெண்ணுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆண்களுக்கு அதுவும் இல்லை. தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் 'பிரயாஸ்' திட்டம் 1990-லிருந்து இந்த நகரத்தில் சிறைவாசிகளுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் உதவி வருகிறது. அவர்களிடம் பேசிப் பார்க்கலாமே என்று கூட்டத்தில் ஒருவரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம்.

இப்படிச் செய்த இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. சாங்லி மாவட்டம் ஆட்பாடி அருகே ஸ்வதந்திரபூர் என்ற குடியிருப்பு 1939-ல் ஔந்த் சமஸ்தான மன்னர் காலத்தில் தொடங்கப்பட்டது. போலந்து நாட்டிலிருந்து வந்த மாரிஸ் ஃபிரீட்மன் என்ற எஞ்சினீயரின் யோசனை அது. கடும் தண்டனை பெற்றவர்கள் மதில் இல்லாமல் விவசாயம் செய்துகொண்டு வாழ்ந்தார்கள். அதைக் கருவாகக் கொண்டுதான் வி.சாந்தாராம் 1957-ல் 'தோ ஆங்க்கேன் பாரஹ் ஹாத்' படம் எடுத்தார். அதையே 1975-ல் 'பல்லாண்டு வாழ்க' என்று எம்.ஜி.ஆர். நடிக்கத் தமிழில் எடுத்தார்கள். ஆட்சேபணை சொன்னவர்களில் மூன்று பேராவது அந்தப் படத்துக்கு விசில் அடித்தவர்கள் என்று எனக்குத் தெரியும். ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் 1963 முதல் நடக்கும் திறந்தவெளிச் சிறையில் தண்டனைக் கைதிகள் குடும்பத்தோடு வசிக்கிறார்கள்; காலையில் நகரத்துக்குள் வேலைக்குப் போய், மாலையில் ஆஜர் கொடுக்கத் திரும்புகிறார்கள். அவர்கள் இன்னும் தண்டனை முடியாதவர்கள். நம் மாடிக்கு வருகிறவர்கள் கோர்ட்டே வெளியே அனுப்பியவர்கள்.

எட்டுக் கட்டிலோடு தொடங்க வேண்டாம், நான்கோடு தொடங்கலாம். ஆறு மாதம் பார்க்கலாம். குடித்துவிட்டு வருகிறவர், கோர்ட் வாய்தாவுக்குப் போகாதவர் அன்றே காலி செய்ய வேண்டும். மூன்று மாத கெடுவைப் பரிந்துரைக் கடிதத்துக்காக நீட்டக் கூடாது. சங்க நிர்வாகிகளின் சொந்தக்காரர் ஆனாலும் சரி. தங்குகிறவர் பெயரில் கடிதம், சம்மன் எது வந்தாலும் வாங்கி வைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மாடியில் அவருக்குக் கிடைக்கப் போவதில் கட்டிலைவிட இதுதான் முக்கியம்.

பொதுக்குழு அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குக் கூடும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்தை ஒட்டியுள்ள வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில் வர முடியாது. அது விளக்கேற்றி உலை வைக்கும் நேரம். கூட்டத்தைப் பகல் 3 மணிக்கு மாற்றும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.